லேவியராகமம் 19: எந்த வசனம் நமக்கு, எந்த வசனம் நமக்கு இல்லை?

கேள்வி: சாத்தான்குளம் விவசாயி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சாத்தான்குளத்துக்குத் தெற்கே முருங்கைத் தோட்டம் வைத்து வாழ்கிறவன் நான். நான்கைந்து தலைமுறையாக எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ. சபையில் இருக்கிறது. வேத சாஸ்திரத்தை முறையாகப் படித்தவன் அல்லன். ஆகையால் என் கேள்வியில் பிழை இருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்த வேண்டுகிறேன்.

இந்த ஆண்டு எங்கள் ஊர் ஆலயத்து அசன விருந்துக்கு என் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டின் உட்புறத்தில் விரல்நக அளவில் ஒரு சிலுவையைப் பச்சை குத்தியிருக்கிறாள். பந்தியில் அவள் சோறு வாங்கக் கையை நீட்டியபோது அதைக் கண்ட எங்கள் சபை மூப்பர் ஒருவர், சுற்றிலும் இருந்தவர்கள் கேட்கும்படியாக, லேவியராகமம் 19:28இல் கர்த்தர் விலக்கியதைச் செய்துவிட்டு எந்த முகத்தோடு ஆலயத்துக்கு வந்தாய் என்று கேட்டார். அவள் பதில் பேசாமல் சாப்பிட்டு எழுந்தாள். எனக்குத்தான் கை கழுவும் வரையில் ஒரு கவளமும் இறங்கவில்லை.

அன்று மாலை அவள் வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். 9ஆம், 10ஆம் வசனங்களில் வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமலும் சிந்தினதைப் பொறுக்காமலும் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறது. 19ஆம் வசனத்தில் இரண்டு வகை நூல் கலந்த துணி கூடாது என்றும், 27ஆம் வசனத்தில் தாடியின் ஓரங்களைக் கத்தரிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. எங்கள் மூப்பர் நாள் தவறாமல் முகம் மழிக்கிறவர். பிறகு அவள் 13ஆம் வசனத்துக்குத் திரும்பி, கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரைக்கும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று வாசித்துவிட்டு, "அப்பா, நம் தோட்டத்தில் காய் பறிக்கிறவர்களுக்கு நீங்கள் என்றைக்குக் கூலி கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

என் ஆச்சியின் முன்னங்கையில் கோலம்போலப் பச்சை இருந்தது. ஆலயக் காணிக்கைக்கென்று பிடி அரிசியை எடுத்து வைக்காமல் ஒருநாளும் உலை வைக்காதவள் அவள். அவளை யாரும் ஆலயத்தில் அப்படிக் கேட்டதாக நான் அறியேன்.

என் கேள்வி இதுதான். பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணம் நமக்கு இல்லை என்றால், 28ஆம் வசனத்தைக் காட்டி என் மகளை வெட்கப்படுத்தியது எந்த முறை? உண்டு என்றால், 13ஆம் வசனத்தை நான் இத்தனை ஆண்டு கைவிட்டிருந்தது எந்த முறை? இதில் வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுவதற்கு நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்?


பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார், பாளையங்கோட்டை

ஐயா, உங்கள் மகள் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தாளே, அதற்காக முதலில் கர்த்தரைத் துதிக்கிறேன். ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி வந்து வேறோர் இடத்தில் நடுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். நானும் பிரசங்க பீடத்தில் அதைச் செய்திருக்கிறேன்.

சபை தோன்றி இருபது ஆண்டு சுமாருக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. யூதேயாவிலிருந்து அந்தியோகியாவுக்கு வந்த சிலர், மோசேயின் முறைப்படி விருத்தசேதனம் பெறாவிட்டால் இரட்சிப்பு இல்லை என்று போதித்ததால் பெரிய வாக்குவாதம் உண்டாகி, கி.பி. 50 வாக்கில் அப்போஸ்தலரும் மூப்பரும் எருசலேமில் கூடினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புறஜாதியிலிருந்து வந்தவர்கள்மேல் முழு நுகத்தையும் சுமத்தாமல், விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை மட்டும் விலக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். ஆகவே தெரிந்தெடுத்தல் நம் காலத்துச் சோம்பேறித்தனத்தால் வந்ததன்று. பரிசுத்த ஆவியின் வழிநடத்துதலோடு சபை கூடிச் செய்த காரியம் அது. அந்த நான்கிலும்கூட, ஞாயிறு காலையில் கறியோடு ஆட்டு இரத்தத்தையும் வாங்கிப் பொரித்து உண்ணும் நம் சீமைக் கிறிஸ்தவர்கள் இரண்டாவதைக் கைக்கொள்ளுவதில்லை. முதலாவதைக் குறித்துப் பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது, கடையில் விற்கிறதை மனச்சாட்சியினிமித்தம் விசாரியாமல் வாங்கிப் புசியுங்கள் என்று தளர்த்துகிறார். அப்போஸ்தலரின் தீர்மானமே காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப விளக்கம் பெற்றிருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நமக்குச் சிறுவயதில் கற்பித்த விடை ஒன்று உண்டு. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலேய மிஷனரிச் சங்கத்தார் வழியாக நம்மிடம் வந்த இங்கிலாந்து சபையின் 39 கோட்பாடுகளில் 7ஆவது, மோசேயின் பிரமாணத்தைச் சடங்கு, அரசு, ஒழுக்கம் என்று மூன்றாகப் பிரித்து, சடங்குகள் கிறிஸ்தவனைக் கட்டுப்படுத்தா, அரசுச் சட்டங்களை எந்த நாடும் ஏற்க வேண்டிய அவசியம் இல்லை, ஒழுக்கக் கட்டளைகளிலிருந்தோ ஒருவனுக்கும் விலக்கு இல்லை என்று சொல்லுகிறது. நான் முப்பது ஆண்டுக்கு மேல் இதைத்தான் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இது உதவாத விடை அன்று. ஆனால் லேவியராகமம் 19ஐக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்று பெட்டிகளில் வசனங்களைப் பிரித்துப் போட முயலுங்கள், கை நடுங்கும். உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்பது 18ஆம் வசனம். கலந்த நூல் துணி உடுத்தாதே என்பது அதை அடுத்த வசனம். நடுவில் கோடு ஏதும் இல்லை. அந்தக் கோட்டைப் போட்டவர்கள் பின்னால் வந்த நாம்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? ஆண்டவர் கையாண்ட அளவுகோல் அதே அதிகாரத்துக்குள் கிடக்கிறது. பிரதான கற்பனை எது என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு அவர் உபாகமம் 6:5ஐயும் லேவியராகமம் 19:18ஐயும் எடுத்துச் சொல்லி, இவ்விரண்டிலும் நியாயப்பிரமாணம் முழுமையும் தீர்க்கதரிசனங்களும் அடங்கியிருக்கிறது என்றார். இந்த இரண்டிலிருந்து நேராகப் பிறக்கும் கட்டளை இன்றும் நம்மேல் நிற்கிறது. அந்தக் காலத்து இஸ்ரவேலைச் சுற்றுப்புறத்து வழிபாடுகளிலிருந்து பிரித்து வைக்கவென்று கொடுக்கப்பட்டது, கலாத்தியர் நிருபம் சொல்லுகிற, கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்தும் உபாத்தியைப்போல, தன் வேலையை முடித்துக்கொண்டது. 28ஆம் வசனம் செத்தவனுக்காகச் சரீரத்தைக் கீறிக்கொள்ளுவதையும் அடையாள எழுத்துகளைக் குத்திக்கொள்ளுவதையும் ஒரே மூச்சில் விலக்குகிறது. அது புறஜாதி வழக்கத்தோடு தொடர்புடையது என்பதே என் புரிதல். புதிய ஏற்பாட்டில் அது திரும்பச் சொல்லப்படவில்லை. 13ஆம் வசனமோ திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. வயல்களை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறது யாக்கோபு 5:4. சங்கடப்படுத்துவது என் நோக்கம் அன்று, ஐயா. நீங்களே கேட்டதால் சொல்லுகிறேன்.


பதில்: விசுவாசி, திசையன்விளை

சகோதரருக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். பந்தியில் வைத்து ஒரு பிள்ளையை அவமானப்படுத்தியது அன்பின் செயல் ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்தேயு 18இல் ஆண்டவர் கற்பித்தபடி தனித்துப் பேசியிருக்க வேண்டும்.

ஆனாலும் மேலே பெரியவர் எழுதியதை முழுவதும் ஏற்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. "அந்தக் காலத்துக்குரியது" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டவன் தனக்கு வலிக்கிற எந்த வசனத்தையும் அதால் தள்ளிவிடக் கூடும். இன்றைக்குப் பச்சை, நாளைக்கு விவாகத்தின் பரிசுத்தம் என்று அது நகர்ந்துகொண்டே போவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நம் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று 1 கொரிந்தியர் 6:19 சொல்லுகிறது. அது நியாயப்பிரமாணம் அன்று, சுவிசேஷம். தசமபாகமும் மோசேக்கு முன்பே ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது. ஆகவே நியாயப்பிரமாணம் முடிந்தது என்று சொல்லி அதை விட முடியாது. புருஷரின் உடையை ஸ்திரீ தரிக்கலாகாது என்ற உபாகமம் 22:5உம் அப்படியே. வேலி இல்லாத தோட்டத்தில் ஆடு மேயும் என்பது விவசாயியான உங்களுக்குத் தெரியாததன்று. எங்கள் ஜனங்கள் சாராயத்தை விட்டதும், நகையை விட்டதும், வீட்டில் சமாதானம் கண்டதும் இந்த வேலியைக் கொண்டுதான்.

கூலியைக் குறித்து உங்கள் மகள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.


பதில்: செவிலியர், தூத்துக்குடி

திசையன்விளைச் சகோதரரே, வேலியைக் குறித்து நீங்கள் எழுதியதை நான் மதிக்கிறேன். என் அம்மா பிறந்த வீடும் அந்த வேலிக்குள் வந்ததால் பிழைத்த வீடுதான். ஆனால் உபாகமம் 22ஐ நீங்கள் எடுத்ததால் மனத்தில் கிடப்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுடிதார் அணிந்த பெண்பிள்ளைகளை முன்வரிசையில் வைத்துக்கொண்டு 5ஆம் வசனத்தைப் பற்றிச் செய்த பிரசங்கங்களை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மூன்று வசனம் தள்ளி, 8ஆம் வசனத்தில், புது வீடு கட்டினால் ஒருவன் மாடியிலிருந்து விழுந்து இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வராதபடிக்குச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் கட்டு என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார். அந்த வசனத்தைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் 19 ஆண்டு வேலை செய்திருக்கிறேன். வற்றல் காயப்போட ஏறிய அம்மாமார்கள், விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கு வந்த பிள்ளைகள், வெள்ளையடிக்க வந்த வேலையாட்கள் என்று கைப்பிடிச்சுவர் இல்லாத மாடிகளிலிருந்து விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலரைத் திரும்ப நடக்க வைத்து அனுப்பினோம், சிலரை அப்படி அனுப்ப முடியவில்லை. வீட்டுப் பிரதிஷ்டைக்குச் சபை ஐயரை அழைத்து ஜெபித்து, வாசலில் வசனப் பலகை மாட்டிய வீடுகளும் அவற்றில் உண்டு. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய சட்டம் என்று தள்ளுவதானால் முதலில் எதைத் தள்ளியிருக்க வேண்டும்?

இறாலையும் நண்டையும் லேவியராகமம் 11 விலக்கியிருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்த எனக்கு அதைக் குறித்து ஒரு கேள்வியும் வந்ததில்லை. ஆனால் 15ஆம் அதிகாரம் வந்தது. மாதவிலக்கு நாட்களில் திருவிருந்துக்கு எழுந்து போகாதே என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எனக்குச் சொன்னார்கள். வாலிப வயதில்தான் அந்த அதிகாரத்தை நானே வாசித்தேன். ஆணுக்கும் அதில் தீட்டு உண்டு, அவனும் ஸ்நானம்பண்ணிச் சாயங்காலம் வரைக்கும் தீட்டுப்பட்டிருப்பான் என்று 16ஆம் வசனம் சொல்லுகிறது. எந்த ஆணையும் அதற்காகப் பீடத்துக்கு வராதே என்று யாரும் தடுத்து நான் அறியேன். அந்த வழக்கம் நம்மைச் சுற்றியிருந்த ஊர் வழக்கத்திலிருந்து வீட்டுக்குள் வந்தது என்றும், வேதத்தைப் பிற்பாடுதான் சாட்சிக்கு அழைத்தார்கள் என்றும் நான் நினைக்கிறேன். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கோடு கூட்டத்துக்குள் வந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டவளை அவர் "மகளே" என்று அழைத்ததை மாற்கு 5இல் வாசித்தபோது நான் அழுதேன்.

தசமபாகத்துக்கும் ஒன்று. உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் முடிவில், மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடையக் கொடு என்று இருக்கிறது. பத்தில் ஒன்றைக் கேட்கிறவர்கள் அந்த மூன்றாம் ஆண்டையும் சேர்த்துப் பிரசங்கிக்கும் நாளில் நான் மனநிறைவோடு கொடுப்பேன். இப்போதும் கொடுக்கிறேன், ஆனால் கேள்வியோடு கொடுக்கிறேன்.


பதில்: நாசரேத் வாசகர்

இந்தத் தெரிந்தெடுத்தலே வேண்டாம் என்று சொன்னவர்கள் நம் சீமையில் இருந்தார்கள், இருக்கிறார்கள் என்பதை இளையவர்கள் பலர் அறியார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், மிஷனரிகளோடு ஏற்பட்ட பிணக்கினால் பிரிந்து, 1857இல் ஐரோப்பியர் துணை இல்லாத தனிச் சபையை நிறுவினார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து, தூபம் முதலிய பழைய ஏற்பாட்டு முறைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். சிறுவயதில் இதை வினோதமாக எண்ணினேன். வயதானபின் அதிலுள்ள வாதத்தின் வலிமை எனக்குப் புரிகிறது. வேதத்தில் இவ்வளவு இருக்க, வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டதை மட்டும் நாங்கள் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. நான் சனிக்கிழமையை ஆசரிக்கிறவன் அல்லன். ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்ற கொலோசெயர் 2:16 எனக்குப் போதும். ஆனாலும் அவர்கள் கேட்டதற்கு நாம் நேர்மையாகப் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பியர் கொண்டுவந்ததும் தெரிந்தெடுத்ததுதான் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மனைவி இறந்தபின் அவளுடைய சகோதரியை மணக்கக் கூடாது என்று இங்கிலாந்து சபையின் உறவுமுறை அட்டவணை 1563 முதல் தடுத்திருந்தது. அந்நாட்டுச் சட்டம் அதை அனுமதித்தது 1907இல்தான். லேவியராகமம் 18:18ஐ வாசித்தால், மனைவி உயிரோடிருக்கையில் அவள் சகோதரியை மணந்து அவளை உபத்திரவப்படுத்தாதே என்றுதான் இருக்கிறது. நம் பக்கத்திலோ, அக்காள் பிள்ளைகளைச் சித்தியே வளர்க்கட்டும் என்று கொழுந்தியாளைக் கட்டிவைப்பது இரக்கமான வழக்கமாக எண்ணப்பட்டது. ஒரே வசனத்தை எங்கே நின்று வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது அவ்வளவு மாறியிருக்கிறது. யாக்கோபு தாய்மாமன் மகள்களை மணந்ததை வாசிக்கும்போது மட்டும் நமக்கு விளக்கவுரையே தேவைப்படுவதில்லை.


பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார், பாளையங்கோட்டை

செவிலியர் அம்மா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மாடிக் கைப்பிடிச்சுவரைக் குறித்து என் ஊழியக் காலம் முழுவதிலும் நானும் பிரசங்கித்ததில்லை.

நாம் எல்லாரும் தொடாமல் விட்ட இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏழைக்கும் சகோதரனுக்கும் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36, உபாகமம் 23:19 என மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறது. பச்சை குத்துவதற்கு ஒரே ஒரு வசனம். நூற்றாண்டுக் கணக்காகக் கிறிஸ்தவ சபை வட்டியைப் பாவமாகவே எண்ணியது. பிறகு வாணிபம் பெருகியபோது மிதமான வட்டி வேறு, கொடிய வட்டி வேறு என்று பிரித்துக்கொண்டது. அந்தப் பிரிவினையை நான் குறை சொல்லவில்லை. வங்கி இல்லாமல் இன்று ஒருவனும் வீடு கட்ட முடியாது. ஆனால் 2003இல் கந்துவட்டிக்கு எதிராக அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்த நாடு இது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டியினால் ஒரு குடும்பமே பிள்ளைகளோடு தீக்கிரையான இடத்துக்கும் என் வீட்டுக்கும் அதிக தூரம் இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போனேன். வட்டியைப் பற்றிய வசனம் அன்று வாசிக்கப்படவில்லை. நானும் எழுந்து கேட்கவில்லை.

திசையன்விளைச் சகோதரரின் அச்சம் நியாயமானது. தனக்கு வலிக்கிற வசனத்தைத் தள்ளிவிடும் மனிதன் உண்டு. ஆயினும் தசமபாகத்தைத் தவிர, இதுவரை சபைகளில் நாம் இறுகப் பிடித்த வசனங்களைப் பாருங்கள்: பெண்ணின் உடை, பெண்ணின் தீட்டு, வாலிபரின் கை. நழுவவிட்டவை கூலி, வட்டி, வயலின் ஓரம், மாடிச்சுவர். பிடித்தவை பெரும்பாலும் பிறர் சுமக்க வேண்டியவை. விட்டவை நிலமும் வீடும் பணமும் உள்ளவன் சுமக்க வேண்டியவை. சுமக்க அரிதான பாரங்களைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் வைத்துவிட்டுத் தங்கள் விரலினாலும் தொடாதவர்களைக் குறித்து ஆண்டவர் மத்தேயு 23இல் பேசுகிறார். அந்த அதிகாரத்தைப் பரிசேயருக்கு எழுதியது என்று ஒதுக்க எனக்குத் துணிவில்லை.


கேட்டவர்: சாத்தான்குளம் விவசாயி

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தோட்டத்தில் காய் பறிக்கிறவர்கள் ஏழு பேர், ஆறு பேர் பெண்கள். இனி அன்றாடம் மாலையிலேயே கூலி தருகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். அவர்கள் மகிழ்வார்கள் என்று எண்ணியிருந்தேன். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். அன்றாடம் கையில் காசு வந்தால் வீட்டுக்குப் போவதற்குள் கடைக்குப் போய்விடும் அண்ணாச்சி, சனிக்கிழமை மொத்தமாய்க் கிடைத்தால்தான் குழுக் கடனைக் கட்ட முடிகிறது என்றார்கள். எந்தக் கடை என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற இரண்டு பேரும் அன்றாடம் வேண்டும் என்றார்கள். ஒருத்திக்கு வீட்டில் நோயாளி இருக்கிறார், மருந்து வாங்க வேண்டும்.

அன்று இரவு உபாகமம் 24:15ஐ வாசித்தேன். பொழுது போகுமுன்னே கூலியைக் கொடு என்று சொன்ன கையோடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாய் இருக்கிறான் என்று காரணமும் அங்கே இருக்கிறது. அந்த ஐவருடைய ஆவல் சனிக்கிழமையில் இருக்கிறது. எழுத்தின்படி நான் கொடுத்தால் அவர்களுக்கே கெடுதல் செய்தவனாவேன். ஆகவே அவரவர் கேட்டபடியே கொடுக்கிறேன்.

ஆனால் என் குற்றம் அங்கே இல்லை என்பதும் பேசும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. முருங்கை விலை விழுந்த வாரங்களில், வியாபாரி எனக்குப் பணம் தரும்வரையில் நானும் அவர்கள் கூலியை நிறுத்தி வைத்திருக்கிறேன். சில வேளை மூன்று சனிக்கிழமை கடந்திருக்கிறது. எல்லாரும் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன். அவர்களில் மூத்தவர், "நீங்கள் கேட்டதால் சொல்லுகிறோம்" என்று சொல்லித்தான் அதை எடுத்தார். அந்த வாரங்களில் ஒருத்தி பத்து வட்டிக்கு வாங்கி வீட்டை நடத்தியிருக்கிறாள். எவ்வளவு வட்டி கட்டினாள் என்று கேட்டு அந்தத் தொகையை அவளிடம் கொடுத்தேன். வாங்க மறுத்து, மறுநாள் வாங்கிக்கொண்டாள். இனி என் விலை எப்படிப் போனாலும் அவர்கள் கூலிக்கு என்று இரண்டு வாரத் தொகையைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் மாடியில் தெற்குப் பக்கம் கைப்பிடிச்சுவர் இல்லை. கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூப்பரிடம் பச்சையைக் குறித்து நான் பேசப் போவதில்லை. என் மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். 13ஆம் வசனத்தைக் குறித்துப் பேசலாம் என்று இருக்கிறேன். அவருக்கும் வாழைத்தோட்டம் இருக்கிறது, அவரிடமும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. உபதேசியார் ஐயா, உங்களுக்கு நேரமிருந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.